‘குறைந்தது இரண்டு’ என்றால் எத்தனை? ஒரு முதலாம் வருடப் பாடநெறியின் நிகழ்வு ஆய்வு

முகாமைத்துவம் படிக்கும் முதலாம் வருடப் பிள்ளைகளின் புள்ளிவிபரவியல் பாடநெறியைத் திருத்தித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வி வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை விரிவுரையாளர் முடிவு செய்வார். அதைப் பிள்ளைகள் எந்த ஒழுங்கில், என்ன செய்து கற்பார்கள், கற்றுவிட்டார்களா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவரோடு இருந்து திட்டமிடுவது என் பங்கு. இந்தப் பாடநெறியில் நான் முதலில் எடுத்த முடிவு பிழைத்தது. இரண்டாவது ஓரளவு சரிவந்தது. இரண்டையும் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தமிழிலோ சிங்களத்திலோ உயர்தரம் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பட்டம் படிக்க வரும் பிள்ளைகள் எங்கே இருந்தாலும், கணக்குத் தெரிந்திருந்தும் கேள்வியின் ஒரு சொல்லைப் பிழையாக வாசித்துப் புள்ளியை இழக்கும் இதே சிக்கல் அங்கேயும் இருக்கும்.

கேட்கப்பட்டது

வேண்டுகோள் சுருக்கமாக இருந்தது. பதினைந்து கிழமைக்குப் பதினைந்து விரிவுரைப் பதிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல், பிள்ளைகள் பார்ப்பதில்லை. ஆறு நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன வினாவிடை போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்கள். சோதனையில் நிகழ்தகவுக் கேள்விக்குப் பிள்ளைகள் வருடா வருடம் புள்ளியைக் கோட்டைவிடுகிறார்கள் என்பதும், அதற்குக் காரணம் பதிவுகளைப் பார்க்காததுதான் என்பதும் அவர்களுடைய எண்ணம்.

இந்தப் பதிவுகள் சும்மா வந்தவையல்ல. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு வழியாக நாடு முழுவதும் ஸூம் வகுப்புகள் தொடங்கின. பல்கலைக்கழகத் தளங்களுக்குப் போகும் டேட்டாவுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் அப்போது காசு எடுக்கவில்லை. அப்புறம் 2022 வந்தது. எரிபொருள் வரிசை, மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வகுப்புக்கு வர முடியாத பிள்ளைக்குப் பதிவு ஒன்றுதான் கதி. அந்தக் காலத்தில் விரிவுரையாளர்கள் செய்தது பெரிய வேலை. ஆகவே பதிவுகளைக் குறை சொல்லிக்கொண்டு போய் நிற்க எனக்கு மனமில்லை.

ஆறு நிமிடம் என்ற கணக்குக்கும் ஓர் ஆதாரம் உண்டு. இணையவழிப் பாடநெறிகள் நடத்தும் எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடநெறிகளில், 69 லட்சம் தடவை காணொளி பார்க்கப்பட்ட தரவை வைத்து 2014இல் வெளியான ஆய்வு அது. காணொளி நீண்டுபோனால் பார்க்கிறவர்கள் நடுவில் விட்டுவிடுகிறார்கள், ஆறு நிமிடத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் முழுவதும் பார்க்கிறார்கள் என்று அது காட்டியது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. விளங்கிக்கொண்டார்களா என்பது அதிலிருந்து வராது. வெட்டுவதற்கு முன் இரண்டு கிழமை தாருங்கள், கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பாடநெறியை நடத்தும் சிரேஷ்ட விரிவுரையாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நீண்ட காலம் கொழும்பில் கற்பிப்பவர். அவர் உடனே சம்மதித்தார்.

பதிவேடும் விடைத்தாளும்

எங்கள் கற்றல் தளம் மூடில். யார் எப்போது எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பதை அது குறித்து வைத்திருக்கும். அதில் பார்த்தபோது, பிள்ளைகள் பதிவுகளைத் திறந்தே இருந்தார்கள். சோதனைக்கு முந்திய கிழமையில், நள்ளிரவு தாண்டித் திறந்திருந்தார்கள். இரவு டேட்டா மலிவு என்பதால் அந்த நேரத்தில் இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் திறக்கப்பட்டவை கடந்தகால வினாத்தாள்கள்.

மூன்று கிரெடிட் பாடநெறி என்றால், நம் நாட்டுத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம் வீதம் 150 மணித்தியாலக் கற்றல். அதில் வகுப்பறை 45 மணித்தியாலம். மிச்சம் 105ம் பிள்ளை தனியாகவோ கூட்டாளிகளோடோ இருந்து செய்ய வேண்டியது. பாடநெறிக் கோவையில் அந்த 105க்கும் எழுதியிருந்தது ‘சுயகற்றல்’ என்ற ஒரே சொல். அந்த நேரத்தில் உண்மையாக என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

அடுத்ததாக, துறையின் அனுமதியோடு பழைய விடைத்தாள்களை எடுத்து மூன்றாவது கேள்வியை மட்டும் வாசித்தேன். ஈருறுப்புப் பரம்பல் பற்றிய கேள்வி. அதாவது, ஒரே முயற்சியைப் பல தரம் செய்தால் ஒன்று எத்தனை தரம் நடக்கும் என்பதன் நிகழ்தகவு. வெறும் தாள்தான் நிறைய இருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இருக்கவில்லை. சூத்திரம் சரி, பிரதியீடு சரி, தசமம் ஐந்து தானத்துக்குச் சரி, விடை மட்டும் பிழை. தாளுக்குத் தாள் ஒரே பிழை. கேட்ட பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தைக் கணித்திருந்தார்கள். கணக்குத் தெரியாத பிள்ளை இப்படி ஒழுங்காகப் பிழை விடாது.

நூலகத்து மேசை

பிள்ளை கணக்குச் செய்யும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, பக்கத்தில் பேசாமல் இருந்து கேட்பது பழைய முறை. எரிக்சனும் சைமனும் 1980களில் அதை ஓர் ஆய்வு முறையாகவே ஒழுங்குபடுத்தினார்கள். என் தொழிலில் எனக்கு அதைவிட நம்பிக்கையான கருவி வேறில்லை. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு தாள் போதும். உதவி செய்யாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம்.

ஏழு பிள்ளைகள் வரச் சம்மதித்தார்கள். முதலில் வந்தவள் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள். கேள்வி இதுதான்: ஒரு பெரிய தொகுதியில் 10% பல்புகள் பழுது. எழுமாறாக 5 பல்புகள் எடுக்கப்படுகின்றன. ‘அட் லீஸ்ட் டூ’ பழுதாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? கேள்வி முழுக்க ஆங்கிலத்தில்.

அவள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுவிட்டுத் தொடங்கினாள். தரவுகளை வரிசையாக எழுதினாள். ‘அட் லீஸ்ட்’ என்ற இரண்டு சொல்லுக்கும் கீழே இரண்டு தரம் கோடு இழுத்தாள். பிறகு பூச்சியம் பழுது, ஒன்று பழுது, இரண்டு பழுது என மூன்றையும் தனித்தனியாகக் கணித்தாள். 0.59049, 0.32805, 0.0729. கல்குலேட்டரில் இரண்டு தரம் சரிபார்த்தாள். கூட்டி 0.99144 என்று எழுதி, பெட்டி போட்டு மூடினாள். கை தயங்கவே இல்லை.

“அட் லீஸ்ட்னு கண்டதும் மனசுல என்ன வந்திச்சு?” என்று கேட்டேன்.

“லீஸ்ட்னா குறைஞ்சது மிஸ். அப்ப ரெண்டும் ரெண்டுக்குக் கீழேயும்.”

“சரி. இந்த விடை என்ன சொல்லுது? நூறு தரம் அஞ்சஞ்சு பல்பா எடுத்தா?”

விடையைப் பார்த்தாள். கேள்வியைப் பார்த்தாள். “தொண்ணூத்தொம்பது தரம் ரெண்டு பல்பாவது பழுதா இருக்கும்னு சொல்லுது.” கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப கடையில பல்பே வாங்க ஏலாதே மிஸ்.”

சரியான விடை 0.08146. நூற்றுக்கு எட்டுத் தரம். அந்த எட்டுக்கு வேண்டிய எல்லாக் கணக்கும் அவள் தாளில் ஏற்கெனவே சரியாகவே இருந்தது.

பதிவுகளை அவள் பார்த்திருந்தாள். ஒன்றரை மணித்தியாலமும் பார்த்திருந்தாள். அதில் விரிவுரையாளர் இதே மாதிரிக் கணக்கை அழகாகச் செய்து காட்டியிருந்தார். ‘அட் லீஸ்ட்’ வந்த இடத்தில் நேரே குறியீட்டை எழுதிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே பட்டிருக்காது. ஆறு நிமிடமாக வெட்டியிருந்தாலும் அந்த இடம் அப்படியேதான் இருந்திருக்கும்.

என் முதல் தீர்வு

சிக்கல் ஆங்கிலத்தில் என்று முடிவுகட்டினேன். வினாத்தாள்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் ஒன்பது தொடர்களைப் பொறுக்கி எடுத்தேன். ‘அட் லீஸ்ட்’, ‘அட் மோஸ்ட்’, ‘நோ மோர் தேன்’, ‘ஃபியூவர் தேன்’, ‘கிவன் தட்’ போன்றவை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களிலும் மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களிலும் வரும் தமிழ்ச் சொற்களைத் தேடிப் பக்கத்தில் எழுதினேன். சிங்களச் சொற்களைத் துறையிலுள்ள ஒரு போதனாசிரியர் எழுதித் தந்தார். மூன்று நிரலில் ஓர் அட்டவணை, நிறம் போட்டு, ஒரே பக்கத்தில். பார்க்க நன்றாகவே இருந்தது. தளத்தில் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை வந்த பையன் சாவகச்சேரிப் பக்கம். அட்டவணையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தான். ‘அட் லீஸ்ட்’ வந்ததும் அட்டவணையில் விரலை வைத்தான். ‘குறைந்தது’ என்று சத்தமாக வாசித்தான். பிறகு அதே பூச்சியம், ஒன்று, இரண்டு.

“குறைஞ்சது எண்டால் குறைய எண்டுதானே மிஸ்?”

அதற்குப் பிறகு வந்த எம்பிலிப்பிட்டிய மாணவி சிங்கள நிரலைப் பார்த்துவிட்டு அதையே செய்தாள். சிங்களத்தில் ‘அடும தரமே’ என்பார்கள். ‘அடு’ என்றால் குறைவு. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் ‘லெஸ்’, தமிழில் ‘குறை’, சிங்களத்தில் ‘அடு’. மூன்று மொழியிலும் இந்தத் தொடரின் வயிற்றுக்குள் குறைவு என்ற சொல்தான் இருக்கிறது. ஆனால் தொடர் சொல்வதோ அதுவும் அதற்கு மேலும் என்று. ஒரு பொறியை எடுத்து இன்னொரு மொழியில் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஹட்டன் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டேன். இந்த முறை கணக்கு இல்லை. “லீவுக்கு வந்தா குறைஞ்சது ரெண்டு நாளாவது நின்னுட்டுப் போன்னு அம்மா சொன்னா, எத்தனை நாள் நிப்பீங்க?”

“மூணு நாள், நாலு நாள் நின்னாலும் அம்மாவுக்குச் சந்தோஷம்தான்.”

“ஒரு நாள் நின்னா?”

“கோவிச்சுக்குவாங்க.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டுப் பேச்சில் வந்தால் ‘குறைஞ்சது ரெண்டு நாளாவது’ என்பதை ஒருவரும் பிழையாக விளங்கிக்கொள்வதில்லை. அந்த ‘ஆவது’ முழு வேலையையும் செய்துவிடுகிறது. பாடநூல் தமிழில் ‘குறைந்தது 2’ என்று வெட்டி எழுதும்போது ‘ஆவது’ போய்விடுகிறது, அதோடு அர்த்தமும் போய்விடுகிறது. வினாத்தாளைக் கண்டதும் பிள்ளைகள் வாக்கியத்தை வாக்கியமாக வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு சொல்லைப் பிடித்து ஒரு குறியாக மாற்றப் பார்க்கிறார்கள். ரியூட்டரி எனப்படும் தனியார் வகுப்புகளில் அப்படித்தான் பழகுகிறார்கள். ‘இந்தச் சொல் வந்தால் இந்தக் குறி.’ உயர்தரத்தில் நேரத்தை மிச்சம்பிடித்துக் கொடுத்த பழக்கம் இங்கே காலை வாருகிறது.

புள்ளி வரிசை

அட்டவணையை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, நிகழ்தகவுப் பகுதியில் வரும் ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் ஒரு படியை வைத்தோம். சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் பிள்ளை இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலில், கேட்டதை வீட்டில் பேசுகிற மொழியில் ஒரு முழு வாக்கியமாக எழுத வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம், கலந்து எழுதினாலும் சரி. பிறகு 0, 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக எழுதி, நடந்தால் சரி என்ற எண்களை வட்டமிட வேண்டும். இந்த எண் வரிசையைத்தான் ‘புள்ளி வரிசை’ என்கிறோம்.

பல்புக் கணக்கில் 2, 3, 4, 5 வட்டத்துக்குள் வரும். வெளியே நிற்பவை 0, 1 இரண்டும்தான். இந்த இடத்தில் நாங்கள் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. வட்டமிட்ட நான்கையும் கணித்துக் கூட்டுவதைவிட, வெளியே நிற்கிற இரண்டையும் கூட்டி ஒன்றிலிருந்து கழிப்பது லேசு என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்லத் தொடங்கினார்கள். 0.59049ம் 0.32805ம் 0.91854. ஒன்றிலிருந்து கழித்தால் 0.08146. நிரப்பி நிகழ்தகவு என்று தனி விரிவுரையில் சொல்லிக்கொடுத்து, பிறகு மறந்துபோகும் விஷயம், தாளில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

மூடிலில் போட்ட வினாவிடையிலும் கணக்கைத் தூக்கிவிட்டோம். ஒரு வாக்கியம், கீழே நான்கு புள்ளி வரிசைகள், சரியான வட்டத்தைத் தெரிவுசெய்தால் போதும். அரை நிமிட வேலை. பிழையான ஒவ்வொரு தெரிவுக்கும் தனித்தனிப் பதில் எழுதினோம். ‘பிழை, மீண்டும் முயலுங்கள்’ என்பதால் யாருக்கும் பயனில்லை. ‘நீங்கள் 2ஐ வெளியே விட்டுவிட்டீர்கள். சரியாக இரண்டு பல்பு பழுதாக இருந்தால், கேள்வி கேட்டது நடந்ததா இல்லையா?’ இப்படி ஒவ்வொன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவதற்குத்தான் எங்கள் நேரத்தில் பெரும்பங்கு போனது. உள்ளடக்கத்தை அழகுபடுத்துவதைவிட இந்த ஒரு வரிப் பதில்களில் நேரம் செலவழிப்பது பல மடங்கு பயன் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏன் கணக்கைப் பிரித்து வைத்தோம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஜோன் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிகைச் சுமைக் கோட்பாடு, மனதின் வேலைமேசை சின்னது என்கிறது. புது மொழி, புதுச் சூத்திரம், தசமக் கணிப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் அதில் வைத்தால் ஏதாவது ஒன்று கீழே விழும். எங்கள் பிள்ளைகளிடம் விழுந்தது வாக்கியம்.

வாக்கியங்களுக்கு உதாரணமும் அன்றாடத்திலிருந்தே எடுத்தோம். ‘நோ மோர் தேன் த்ரீ’ என்பதற்கு முச்சக்கரவண்டி. பின் ஆசனத்தில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று சாரதி சொன்னால், ஒருவர் போகலாமா? இருவர்? நான்கு பேர்? வகுப்பில் ஒருவரும் பிழை விடவில்லை.

ஒவ்வொரு விரிவுரையின் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு வாக்கியத்தைத் திரையில் போட்டு, கொப்பியில் புள்ளி வரிசையை வட்டமிடச் சொல்வது அடுத்தது. இதற்குச் சோதனைப் புள்ளி இல்லை, பயம் இல்லை. ஒன்றைத் திரும்ப வாசிப்பதைவிட, மனதிலிருந்து வெளியே எடுத்துப் பார்ப்பது அதை நீண்ட காலம் நிலைக்க வைக்கிறது என்று ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006இல் காட்டினார்கள். அதனால் நிகழ்தகவு முடிந்த பிறகும், பிற்செலவு (ரிக்ரஷன்) பகுதி நடக்கும்போதும் அந்த ஐந்து நிமிடத்தை விடவில்லை.

வீடியோக்களை நாங்கள் வெட்டவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே எந்த நிமிடத்தில் எது தொடங்குகிறது என்று பத்து வரி எழுதிப் போட்டோம். புதிதாக நான்கு காணொளி மட்டும் எடுத்தோம். ஒரு தாள், ஒரு பேனை, மேலிருந்து பிடித்த போன். விரிவுரையாளரின் கை மட்டும் தெரியும். அவர் வாக்கியத்தை வாசிக்கிறார், நிறுத்துகிறார், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்கிறார், வட்டமிடுகிறார். அந்த நிறுத்தம்தான் பழைய பதிவில் இல்லாதது.

குப்பி

நம் பல்கலைக்கழகங்களில் சோதனை நெருங்கும்போது சீனியர்கள் ஜூனியர்களுக்கு இருந்து சொல்லிக்கொடுப்பதைக் ‘குப்பி’ என்பார்கள். தமிழ், சிங்களம், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் பாவிக்கிற சொல் அது. குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்திலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். அந்த 105 மணித்தியாலத்தில் பெரும்பகுதி எங்கே போகிறது என்ற என் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருந்தது. எந்தப் பாடநெறிக் கோவையிலும் குப்பி இருக்காது. ஆனால் பிள்ளை தன் மொழியில், வெட்கமில்லாமல் கேள்வி கேட்கிற ஒரே இடம் அதுதான்.

குப்பி நடத்தும் சீனியர்கள் மூன்று பேரோடு கதைத்தேன். அவர்களும் ‘லீஸ்ட் வந்தா ஒண்டில இருந்து கழி’ என்று மனப்பாட விதியாகவே சொல்லிக்கொடுத்து வந்தார்கள். அது சரியான விடையைத் தரும், கேள்வி கொஞ்சம் மாறும்வரை. புள்ளி வரிசைத் தாளைக் கொடுத்தோம். அவர்கள் அதை எங்களைவிட நன்றாகப் பாவித்தார்கள். அதில் ஒரு தம்பி உதாரணம் எல்லாவற்றையும் கிரிக்கெட்டாக மாற்றிவிட்டான். ஐந்து பந்தில் குறைந்தது இரண்டு பவுண்டரியாவது அடித்தால்தான் வெற்றி. அதை அப்படியே எடுத்துத் தளத்தில் போட்டோம்.

மேடம் கேட்ட கேள்வி

விரிவுரையாளரோடு கடுமையாக விவாதித்த இடமும் ஒன்று உண்டு. வினாத்தாளில் ‘அட் லீஸ்ட்’ என்பதை எடுத்துவிட்டு ‘டூ ஓர் மோர்’ என்று எழுதலாமே என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“நாளைக்கு இந்தப் பிள்ளை ஒரு வங்கியில வேலைக்குப் போனால், அங்க வாற அறிக்கையில ‘அட் லீஸ்ட்’ எண்டுதான் இருக்கும். அப்ப யார் மாத்திக் குடுக்கிறது?”

அது நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். அமெரிக்காவில் எட்டாம் தரப் பிள்ளைகளுக்குக் கணிதக் கேள்விகளின் மொழியை மட்டும் எளிதாக்கிக் கொடுத்தபோது, ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களின் புள்ளி கூடியது என்று அபேதியும் லோர்டும் 2001இல் எழுதினார்கள். கூடிய அளவு சிறியதுதான், ஆனால் கணக்கு மாறாமலே கூடியது. அதை மேடத்திடம் காட்டினேன். அவரும் வாசித்தார். கடைசியில் இருவரும் ஒரு கோட்டுக்கு வந்தோம். பாடத்துக்குத் தேவையான சொல் வினாத்தாளில் இருக்கும், ஆனால் அதை நாங்கள் கற்பித்திருக்க வேண்டும். ‘ஒன்பது தொடர்களையும் சரியாக வாசித்து விளக்குதல்’ என்று பாடநெறியின் கற்றல் பேறுகளிலேயே எழுதிவிட்டோம். பாடத்துக்குத் தேவையில்லாத மொழிச் சுமையை வெட்டுவோம். ஒரு பழைய கேள்வியில் தொழிற்சாலை எப்போது தொடங்கியது, முகாமையாளருக்கு என்ன கவலை என்று நான்கு வரி போனபிறகுதான் கணக்கு வந்தது. அந்த நான்கு வரியும் போயிற்று.

ஜோன் பிக்ஸ் 1996இல் சொன்னது இதுதான்: நோக்கம், கற்கும் செயல், மதிப்பீடு மூன்றும் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். நான் அதைப் பல செயலமர்வுகளில் ஸ்லைட் போட்டுச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையின் புள்ளி இரண்டு ஆங்கிலச் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்க, அந்த இரண்டு சொல்லும் நோக்கத்திலும் இல்லை, விரிவுரையிலும் இல்லை, மதிப்பீட்டில் மட்டும் இருக்கிறது என்பதை மேடத்தின் மேசையில் வைத்துத்தான் கண்டேன்.

மாறியதும் மாறாததும்

அந்த அரையாண்டு முடிந்து, மூன்றாவது கேள்வியின் விடைத்தாள்களைத் திரும்ப வாசித்தேன். எதிர்ப்பக்கத்தைக் கணித்த தாள்கள் இருந்தன, ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பல தாள்களின் ஓரத்தில் பென்சிலால் 0 முதல் 5 வரை எழுதி வட்டம் போட்டிருந்தது. அதற்குப் புள்ளி இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. இவ்வளவு வீதம் கூடியது என்று எண் போட்டுக் காட்டும்படி துறை கேட்டது. நான் போடவில்லை. வினாத்தாளும் மாறியது, வகுப்பும் மாறியது, சீனியர்களின் குப்பியும் மாறியது. இதில் எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க முடியாத இடத்தில் எண்ணைப் போட்டால் அது ஏமாற்று.

நிபந்தனை நிகழ்தகவு, அதாவது ஒன்று நடந்தது என்று தெரிந்தபின் இன்னொன்று நடப்பதற்கான நிகழ்தகவு, அவ்வளவு இலேசாக இளகவில்லை. இங்கே சிக்கல் இன்னும் ஆழமானது. ஆங்கிலத்தில் நிபந்தனை பின்னால் வரும். தமிழில் முன்னால் வரும். ‘ரயிலில் வருகிறவர்களில் பிந்தி வருகிறவர்கள்’ என்று நாம் சொல்வதை, ஆங்கிலமும் குறியீடும் பிந்தி வருவதில் தொடங்கி ரயிலில் முடிக்கும். இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டு போகும் பிள்ளை, நிபந்தனையையும் நிகழ்வையும் இடம்மாற்றிப் போட்டுவிடுகிறது. அதற்குப் புள்ளி வரிசை உதவாது.

இப்போதைக்கு எண்களை ஆட்களாக மாற்றிப் பார்க்கிறோம். நிகழ்தகவாகச் சொல்வதைவிட இத்தனை பேரில் இத்தனை பேர் என்று சொன்னால் நன்றாக விளங்குகிறது என்று கிகெரென்சரும் ஹொஃப்ராகேயும் 1995இல் காட்டிய வழி அது. வகுப்பில் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். கரையோர ரயிலில் 40 பேர், பஸ்ஸில் 60 பேர். ரயிலில் வந்தவர்களில் 10 பேர் பிந்தினார்கள், பஸ்ஸில் வந்தவர்களில் 20 பேர். ரயிலில் வந்த ஒருவர் பிந்தியிருப்பது 40இல் 10. பிந்தி வந்த ஒருவர் ரயிலில் வந்திருப்பது 30இல் 10. ‘யாரை எழுந்து நிற்கச் சொல்கிறோம்?’ என்று கேட்டுத் தொடங்குகிறோம். ரயிலில் வந்தவர்கள் நிற்கட்டும், அவர்களில் பிந்தியவர்கள் கையை உயர்த்தட்டும். எழும்பி நின்று செய்தால் விளங்குகிறது. தாளில் குறியீடாக வந்ததும் திரும்பவும் குழம்புகிறது. நடுவில் ஒரு படி குறைகிறது. அது என்ன என்று இன்னும் பிடிபடவில்லை.

அதற்கடுத்த பகுதி கருதுகோள் சோதனை. வித்தியாசம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்கும் சூனியக் கருதுகோளை ‘நிராகரிக்கத் தவறுகிறோம்’ என்று முடிக்க வேண்டிய இடம். முதல் அட்டவணையில் விட்ட பிழையை நினைத்து, இந்த முறை ஒரு சொல்லும் எழுதாமல் வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை நான்கு மணிக்கு மூன்று பிள்ளைகள் நூலகத்துக்கு வருகிறார்கள். ஹட்டன் பிள்ளை இப்போது இரண்டாம் வருடம், தானே குப்பி நடத்துகிறாள். தானும் வந்து பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று கேட்டாள். பேசாமல் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.